நாலாம் பெட்டியில் போட்டது

இல்ல தங்கச்சி, ஒண்ணுமில்ல. வெயில்ல நின்னது கண்ணைக் கரிக்குது, அம்புட்டுத்தான். தண்ணி போதும், இந்தாங்க பாட்டில். வாய் வைக்காமத்தான் குடிச்சேன். நீங்க கோவில்பட்டியா? ரயிலுக்கா? அப்போ வண்டி போய்ச் சேருற மட்டும் எம்பக்கத்துலதான் இருக்கணும். பையை மடியில வச்சுக்கோங்க. மேல வச்சா கழுகுமலை போறதுக்குள்ள யார் தலையிலயாவது விழுந்துரும்.

சரி, அழுதேன்தான். பாத்துட்டீகல்லா, பெறகு என்ன மறைக்க. பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு பிள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்க மாட்டேங்கா. ரிஸ்வானான்னு பேரு, கடையநல்லூர்க்காரி. மூணு வருசமா எடுக்க மாட்டேங்கா. ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இல்ல. நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? வேலை கத்துக்குடுத்தேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாத காலத்துல, இது இப்படி, அது அப்படின்னு போன்லயே மணிக்கணக்கா சொல்லிக்குடுத்தேன். நீங்களே முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

எம்பேரு செண்பகவல்லி. எங்க ஊர்ல அந்தப் பேரைக் கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேரு திரும்பிப் பாப்பாக. பதினாலு வருசம் ஒரு கம்பெனியில வேலை. அமெரிக்கால டாக்டருங்க நோயாளியைப் பாத்துட்டு, இவனுக்கு இன்ன சீக்கு, இன்ன மருந்துன்னு மைக்ல பேசி வைப்பாக. அதைக் காதுல மாட்டிக் கேட்டு டைப் அடிக்கணும். ஒரு எண்ணு மாறினாலும் ஒரு ஆளு செத்துப்போவான். அதனால எங்காதுல விழுந்த எண்ணு எதுவும் மறக்காது. கண்ணுல பட்டதும் அப்படித்தான். அதை ஒரு பெருமையாத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

கொரோனா வந்துச்சு, கம்பெனியை மூடிட்டாக. எங்க வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர், அதையும் மூடிட்டாக. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம். பிள்ளைகள் இல்லையான்னு கேப்பீக. இல்ல. அதுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்ல.

அப்போதான் அந்த வேலை வந்துச்சு. ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி பண்ணுதாக. என்ன ஆராய்ச்சின்னா, போதைக்குன்னு புதுசு புதுசா மாத்திரையும் பொடியும் வருதுல்லா, அதுல எது புதுசா நடமாடுதுன்னு கண்டுபிடிக்கணும். மத்த காலமா இருந்தா நாலு இடத்துக்கு ஆள் அனுப்பி விசாரிக்கலாம். ஊரே அடைச்சுக் கிடக்கு, ஆஸ்பத்திரியில காய்ச்சல்காரங்களுக்கே இடமில்ல. ஆனா இந்தப் பயலுக சும்மா இருக்கானுகளா? வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து, பார்சல்ல வரவழைச்சுத் தின்னுட்டு, இன்னைக்கு இதைத் தின்னேன், இப்படி இருந்துச்சுன்னு நெட்ல எழுதுவானுக. பேர் போட மாட்டானுக, ஊர் போட மாட்டானுக. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு வைப்பானுக. அதை வாசிச்சுப் பிரிக்க ஆள் வேணும். மருந்துப் பேரெல்லாம் அத்துபடி, தமிழும் நல்லாத் தெரியும்னதும் என்னை எடுத்துக்கிட்டாக.

நம்ம வேலை இதுதான். ஒவ்வொரு பதிவையும் வாசிச்சு நாலு பெட்டியில ஒண்ணுல போடணும். புதுப் பேரு இருந்தா ஒண்ணு. தெரிஞ்ச சரக்குன்னா ரெண்டு. உடம்புக்கு என்ன பண்ணுச்சுன்னு இருந்தா மூணு. ஒண்ணத்துக்கும் ஆகாத வெட்டிப்பேச்சுன்னா நாலு. நாலாம் பெட்டியில போட்டதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாக.

அதே பதிவை வேற ஒரு ஆளும் தனியா வாசிச்சுப் போடுவாக. எனக்கு ஜோடி ரிஸ்வானா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பாக. நூத்துக்குத் தொண்ணூறாவது ரெண்டு பேரும் ஒரே பெட்டியில போட்டிருக்கணும். இல்லன்னா அந்த வாரத்து மூட்டையே திரும்பி வந்துரும், மொதல்ல இருந்து வாசிக்கணும். அதனால வித்தியாசம் வந்த எடத்துல ரெண்டு பேரும் போன்ல பேசி ஒரு முடிவுக்கு வந்துக்கலாம். பேசின்னா என்ன, நான் சொல்லுவேன், அவ மாத்துவா. அவளுக்கு வயசு இருவத்தி மூணு, எனக்கு நாப்பத்தாறு. யாரு சொல்லை யாரு கேக்கணும்?

டிக்கெட்டா? இந்தாங்க கண்டக்டர், கோவில்பட்டி ஒண்ணு. சில்லறை இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும். சிவப்புக் கொடின்னு ஒண்ணு இருந்துச்சு. வாசிக்கும்போது, இந்த ஆளு உசுருக்கு ஆபத்துன்னு பட்டா ஒரு கொடியைத் தட்டி விடலாம். டாக்டரம்மா பாத்துட்டு, அந்தத் தளத்தை நடத்துறவங்களுக்குச் சொல்லுவாக. அவுக அந்த ஆளுக்குத் தனியா ஒரு செய்தி அனுப்புவாக, இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு. நாமளா ஒருத்தருக்கும் ஒரு எழுத்து எழுதக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அந்தக் கொடிக்கும் ரெண்டு பேரும் ஒத்துக்கணும்.

மொத வாரத்துலயே ரிஸ்வானா பதினோரு கொடி தூக்கினா, புதுசுதானேன்னு நானும் சரின்னுட்டேன். எல்லாம் சும்மா. ஒருத்தன் சினிமாப் பாட்டு வரியை எழுதியிருக்கான், செத்துப்போயிரலாம் போல இருக்குன்னு. அதுக்கு ஒரு கொடி. டாக்டரம்மா கூப்பிட்டு, கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மான்னு எனக்குத்தான் சொன்னாக. பெரியவ நான்தானே. எனக்கு மானம் போயிட்டு. ஏட்டி, நீ என்ன ரயில்வே கேட்டா போடுத, எதுக்கெடுத்தாலும் சிவப்பைக் காட்டுதன்னு கேலி பண்ணினேன். சிரிச்சா. அதுக்குப் பெறகு கொடிப் பக்கமே போக மாட்டா, எங்கிட்டக் கேக்காம.

இப்போ எண்பத்தெட்டைப் பத்திச் சொல்லுதேன். பேர் கூடாதுல்லா, எழுதுற ஆளுக்கெல்லாம் ஒரு எண்ணு குடுத்திருந்தோம். எண்பத்தெட்டாம் நம்பர்க்காரன் ரெண்டாவது அலையில, அந்தச் சித்திரை மாசம் வந்தான். வந்ததும் தெரிஞ்சுபோச்சு, நம்ம பக்கத்துப் பையன்னு. பேச்சு அப்படி. படிச்சிட்டு ஒரு கம்பெனியில சேந்திருக்கான். ஆபீஸ் வாசப்படியைக் கூட மிதிக்காம, வீட்டுல இருந்தே சேந்து வீட்டுல இருந்தே நிறுத்திட்டாக. அதை எழுதுதான், "என்னை வேலைக்கு எடுத்தவனையும் பாக்கல, போகச் சொன்னவனையும் பாக்கல, கடவுள் மாதிரி கம்பெனி"ன்னு. அவுக அம்மா தையல்காரி. ஊரடங்குல ஜாக்கெட் தைக்க யாரு வருவா? மாஸ்க் தைச்சாக. "எங்கம்மா ஊர்ல உள்ள வாயையெல்லாம் மூடிட்டா, என் வாய்க்கு மட்டும் துணி பத்தல"ன்னு எழுதினான். நான் அடுப்பங்கரைக்குப் போயி எங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிச் சிரிச்சேன். காலையில கம்ப்யூட்டரைத் திறந்ததும் எண்பத்தெட்டு எழுதியிருக்கானான்னுதான் மொதல்ல பாப்பேன். வேலைக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல.

அப்புறம் ஒரு நாள் எழுதுதான், புதுசா ஒண்ணு வந்திருக்கு, பேரைக் கேக்காதீகன்னு. கூட இருந்த பயலுக கேக்கானுக, சொல்ல மாட்டேங்கான். பேரைச் சொன்னா கண்ணு வச்சிருவீங்கன்னு கேலி. அதுல இருந்து ஒன்பது நாள், ஏழு பதிவு. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கான். பல்லு கிட்டிக்கிடுதுங்கான். எதைப் பாத்தாலும் எண்ணத் தோணுதுங்கான். ரிஸ்வானா எல்லாத்தையும் மூணுல போட்டிருக்கா. நான் நாலுல போட்டிருக்கேன்.

ஏன்னா தங்கச்சி, பேர் இல்லையே. நெஞ்சு படபடன்னு அடிச்சா, எதைத் தின்னதால அடிச்சுச்சு? காப்பி குடிச்சாலும்தான் அடிக்கும். பேர் இல்லாத பதிவை மூணுல போட்டா அதை எதோட சேக்க? நான் சொன்னது நியாயமா இல்லையா? அவளும் "நீங்க சொன்னாச் சரிதாங்க்கா"ன்னு ஒவ்வொண்ணா மாத்தினா.

ஏழாவது பதிவுதான் கடைசி. எனக்கு மனப்பாடம். "நாலு நாளாக் கண்ணு மூடல. காய்ச்சல்னு அம்மாகிட்டச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். பாவம், வெளிய ஸ்டூல்ல இட்லி வச்சிட்டுப் போறா. எண்ணினேன், ஏழு. திருப்பி எண்ணினேன், ஒன்பது. இட்லியெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது. யாராச்சும் இருக்கீங்களா?" அம்புட்டுத்தான்.

நான் சிரிச்சேன். பொய் சொல்லுவானேன், இட்லி சிரிக்குதுன்னதும் சிரிச்சிட்டேன்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஒப்பிட்டுப் பாத்தா எண்பத்தொன்பதுல நிக்குது. ஒரே ஒரு புள்ளி. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். ரிஸ்வானா போன் போடுதா. "அக்கா, எண்பத்தெட்டுக்கு நான் மூணும் போட்டு, கொடியும் போட்டிருக்கேன். நீங்களும் போடுங்க." நான் சொன்னேன், "ஏட்டி, இட்லி சிரிக்குதாம், இதுக்குப் போயிக் கொடியா? டாக்டரம்மா என்னைத்தான் கேப்பாக. அவன் எப்பவும் இப்படித்தான் கேலி பேசுவான், உனக்குத் தெரியாதா?" அவ சொன்னா, "அக்கா, கடைசியில யாராச்சும் இருக்கீங்களான்னு கேக்கான்லாக்கா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது எல்லாரும் கேக்கிறதுதான். மாத்திப் போடு ரிஸ்வானா, மணி ஆகுது." அப்புறம் மாத்திட்டா. தொண்ணூத்தி ஒண்ணு வந்துச்சு. டாக்டரம்மா கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பினாக.

ஜன்னலைச் சாத்தணுமா? வேண்டாம்னா இருக்கட்டும். எனக்குக் காத்து வேணும்.

பெறகு எண்பத்தெட்டு எழுதல. பத்து நாளாச்சு, பதினஞ்சு நாளாச்சு. நான் தினம் பாக்கேன். பய திருந்திட்டான், அம்மா கண்டுபிடிச்சு நாலு சாத்து சாத்தியிருப்பா, மாத்திரையைத் தூக்கிச் சாக்கடையில போட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். ரிஸ்வானாகிட்டயும் சொன்னேன், பாத்தியா, நல்லாயிட்டான்னு.

அப்புறம் அவன் பேர்ல இருந்து ஒரு பதிவு வந்துச்சு. நல்ல தமிழ் எழுத்துல. அந்தத் தளத்துல அது வரைக்கும் ஒருத்தனும் தமிழ் எழுத்துல எழுதினதில்ல. அதையும் சொல்லுதேன், கேளுங்க.

"அனைவருக்கும் வணக்கம். இந்தப் போனுக்கு உரியவனின் தாயார் எழுதுவது. என் மகன் பதின்மூன்று நாளைக்கு முன் காலமாகிவிட்டான். அவன் உங்களோடுதான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஆகையால் உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. பதினாறாம் நாள் காரியம் வருகிற செவ்வாய்க்கிழமை நடக்கிறது. ஊரடங்கு என்பதால் யாரும் வந்து சிரமப்பட வேண்டாம். இருந்த இடத்திலேயே அவனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளவும். அவன் தலையணைக்குக் கீழ் ஒரு கவர் இருந்தது. அதன் மேல் இருந்த பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். இது என்ன மருந்து, எதற்காகச் சாப்பிட்டான் என்று தெரிந்தவர்கள் எனக்கு ஒரு போன் செய்யவும். திட்ட மாட்டேன். தெரிந்துகொள்ளத்தான்."

அதுக்குக் கீழ அந்த மாத்திரை பேரு, மகன் பேரு, அவுக பேரு, தெருப் பேரு, ஊரு, போன் நம்பர். எல்லாம் முறையா, காகிதத்துல எழுதிப் போஸ்ட் பண்ற மாதிரி. போதைக்காரப் பயலுக கூடுற எடம்னு அந்தம்மாவுக்குத் தெரியல. மகனோட சேக்காளிகன்னு நினைச்சுட்டாக. சாவுக்குச் சொல்லி விடணும்லா, அதான் சொல்லி விட்டிருக்காக.

அந்தப் பயலுக என்ன பண்ணினானுக? ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான். ஒருத்தன் இது போலீஸ் வேலை, பதில் சொல்லாதீகன்னான். மறுநாள் தளத்துக்காரங்களே அதை எடுத்துட்டாக. ஆனா எங்ககிட்ட வந்திருச்சு. மொதல்ல எங்கிட்டத்தான் வரும். பேரு, ஊரு, நம்பர் இருந்தா அழிச்சிட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கணும், அதுவும் நம்ம வேலை. அழிச்சேன். மகன் பேரை அழிச்சேன். தாயார் பேரை அழிச்சேன். தெருவை அழிச்சேன். பத்து எண்ணையும் ஒவ்வொண்ணா அழிச்சேன். அழிச்சிட்டு ஒண்ணாம் பெட்டியில போட்டேன். புதுப் பேரு இருக்குல்லா.

அந்த மாத்திரை விசயத்துல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடாமலே ஒரே பெட்டியில போட்டது அதைத்தான்.

ரிஸ்வானா போன் போட்டா. அழுகை. "அக்கா, அந்த நம்பரைக் குடுங்கக்கா. நான் ஒரே ஒரு தடவை பேசுதேன். நாங்க வாசிச்சோம்மா, நினைச்சுக்கிட்டோம்மான்னு மட்டும் சொல்லிட்டு வச்சிருதேன்." நான் சொன்னேன், அழிச்சாச்சு, எனக்கு நினைவில்லன்னு. எனக்கா நினைவில்ல? அவளுக்குத் தெரியும் நான் பொய் சொல்லுதேன்னு. "உங்களுக்கு எண்ணு மறக்காதேக்கா"ன்னா. நான் கத்தினேன். கையெழுத்துப் போட்டிருக்கோம், உன் வேலை போறது மட்டுமில்ல, என் வேலையும் போகும், ஆராய்ச்சியே நிக்கும், நீ சின்னப்பிள்ளை உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னென்னமோ சொன்னேன். எப்படியாவது கண்டுபிடிச்சுப் பேசத்தான் போறேன்னா.

நான் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். ஏதாவது அவசரப்பட்டுப் பண்ணிட்டான்னா? கொஞ்சம் கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்கன்னுதான் சொன்னேன். அவுக வேலையை விட்டே எடுத்துட்டாக. அதுக்கு நான் என்ன செய்ய? அதுல இருந்துதான் போனை எடுக்க மாட்டேங்கா.

பெறகு நடந்ததைக் கேட்டா உங்களுக்கே கோபம் வரும். அந்த அம்மா எழுதின பேருதான் எங்க ஆராய்ச்சிக்கே கிரீடம். ஆஸ்பத்திரிகளுக்கு அந்த மாத்திரை பேரு தெரியறதுக்கு அஞ்சு வாரம் முந்தியே நாங்க கண்டுபிடிச்சிட்டோம்னு பெருசா எழுதினாக. எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வந்துச்சு, கூர்மையான பார்வைக்குன்னு. எங்க வீட்டுக்காரர் சட்டம் போட்டு மாட்டினாரு. அந்தக் கட்டுரையை அச்சுல பாத்தேன். திட்ட மாட்டேன்னு எழுதினாகல்லா, அந்தக் காயிதம் முழுசும் ஒரே ஒரு வரியா இருந்துச்சு. எண்பத்தெட்டு, ஒண்ணாம் பெட்டி, தேதி.

கழுகுமலை வந்துட்டு. இறங்கிறவங்க இறங்கட்டும், காலை மடக்கிக்கோங்க.

இப்போ போன வாரம் டாக்டரம்மாகிட்ட இருந்து ஒரு மெயில். இப்போ இதையெல்லாம் மிஷினே வாசிக்குமாம். பழைய பதிவெல்லாம் அதுக்கு ஊட்டிப் பாத்திருக்காக. அது நாலாம் பெட்டியில இருந்து ஏழு பதிவைத் தூக்கிக் காட்டியிருக்கு. நெஞ்சுப் படபடப்பு, பல்லுக் கிட்டுறது, தூக்கமில்லாதது, எதையும் எண்ணுறது. அந்த மாத்திரைக்குன்னே உள்ள அடையாளமாம் அதெல்லாம். துரதிர்ஷ்டவசமா இவை நாலில் வைக்கப்பட்டுவிட்டன, இல்லையென்றால் இன்னும் மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கும்னு எழுதியிருக்காக. யாரு வச்சதுன்னு எழுதல. மரியாதைக்காக எழுதல.

மூணு வாரம் முன்னாடின்னா அவன் உசுரோட இருக்கான் தங்கச்சி. கதவுக்குள்ள உக்காந்து இட்லி எண்ணிக்கிட்டு இருக்கான்.

கொடி தூக்கியிருந்தா மட்டும் பொழைச்சிருப்பானான்னு எங்க வீட்டுக்காரர் கேக்காரு. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனா யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டவனுக்கு, இருக்கோம்னு ஒரு செய்தி போயிருக்கும்லா.

அதான் இன்னைக்கு அவுக ஊருக்குப் புறப்பட்டு வந்தேன். அந்தம்மா கையைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லிரணும்னுதான் வந்தேன். நான்தாம்மா வாசிச்சேன், நான்தான் நாலுல போட்டேன், உங்க காயிதத்தையும் நான்தான் வாசிச்சேன், நீங்க திட்டுறதுன்னா திட்டிருங்கன்னு. சும்மா கையை வீசிட்டுப் போக முடியாதுன்னு ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கிட்டேன். தெரு நினைவிருக்கு, கதவு நம்பர் நினைவிருக்கு. ரைஸ் மில்லுக்குப் பின்னால, வாசல்லயே தையல் மிஷினைப் போட்டு உக்காந்திருக்காக. ஆவுடையம்மாள். என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். என்னைப் பாத்ததும் சிரிச்சு, வாங்கக்கான்னாக.

அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கியளான்னு கேட்டாக. எங்க கொண்டு போனேன்? இல்லன்னேன். சரி, நில்லுங்க, டேப்ல எடுத்துருதேன்னு எந்திரிச்சாக. தோளு, கை, முதுகுன்னு ஒவ்வொண்ணா எடுக்காக. நான் கையை விரிச்சுக்கிட்டு நிக்கேன். எதுத்தாப்புல சுவத்துல படம், மாலை போட்டு. நான் அழிச்ச பேரு அதுக்குக் கீழ எழுதியிருக்கு. கோமதிசங்கர். ஒல்லியா, மீசை சரியா முளைக்காம. நான் நினைச்சிருந்த முகம் இல்ல அது.

மகனான்னு கேட்டேன். ஆமாக்கான்னாக. கொரோனாவாக்கான்னு கேட்டேன், எனக்கே வெக்கமில்லாம. அப்படித்தான் ஆஸ்பத்திரியில எழுதினாக, பையில சுத்தித்தான் குடுத்தாக, முகத்தைக் கூடப் பாக்க விடலன்னாக. ஆனா அது இல்லக்கா, என்னமோ மாத்திரை, இன்னைக்கு வரைக்கும் என்னன்னு தெரியாதுன்னாக. டேப்பை எங்கழுத்துல மாலையாப் போட்டுட்டு, நோட்டுல அளவு எழுதிக்கிட்டே சொல்லுதாக.

"போன்ல அவனுக்கு நெறையப் பேரு பழக்கம்க்கா. எல்லாருக்கும் சேத்து ஒரு காயிதம் மாதிரி எழுதிப் போட்டேன். ஒரு மனுசர் பேசல. மறுநாள் பாத்தா நான் எழுதினதையே காணும். கிடந்து கிடந்து வெந்தேன். அப்புறம் எதுத்த வீட்டு மருமக சொன்னா, அங்கெல்லாம் ஆளே இருக்க மாட்டாங்க பெரிம்மா, எழுதினா அதுவா அழிஞ்சிரும், யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு. அதைக் கேட்ட பெறகுதான் மனசு ஆறிச்சு. பாக்கலன்னா சரி. பாத்துட்டும் ஒரு ஆளு பேசாம இருந்தாகன்னா என்னால தாங்க முடியாதுக்கா."

நான் வாயைத் திறக்குறேன். அவுக தலை நிமிந்து எம்மூஞ்சியைப் பாத்து, "நீங்க படிச்சவக மாதிரி இருக்கிய. அது நெசந்தானே? யாரும் பாத்திருக்க மாட்டாகல்லா?"ங்காக.

யாரும் பாத்திருக்க மாட்டாகன்னு சொன்னேன்.

சொன்னதும் அவுக முகத்தைப் பாக்கணும் தங்கச்சி. ஒரு பாரத்தை இறக்கி வச்ச மாதிரி. இருங்க, காப்பி போடுதேன்னு உள்ள போனாக. குடிச்சேன். அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து முழு டம்ளரும் குடிச்சேன். அது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும், என்ன செய்யும்னு தெரியும், அவன் கடைசியா அம்மாவைப் பத்தி எழுதினது தெரியும். பாவம்னு எழுதினான்லா, அதையாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் எப்படித் தெரியும்னு கேப்பாகளே.

எந்திரிச்சேன். உங்க போன் நம்பரைச் சொல்லுங்கக்கா, வியாழக்கிழமை தைச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்னாக. நோட்டுல எம்பேரு எழுத எடம் விட்டிருக்காக. பதினாலு வருசம் ஒரு எண்ணு மாத்தி அடிச்சதில்ல நான். கடைசி எண்ணை மாத்திச் சொன்னேன். திரும்ப இந்த வீட்டுக்கு என்னால வர முடியாதுன்னு தோணிச்சு, வாயில வந்திருச்சு. அவுக அதை எழுதிட்டு, நிறுத்தி நிதானமா எனக்கு வாசிச்சுக் காட்டினாக, சரியா இருக்காக்கான்னு. சரியா இருக்குன்னேன்.

வெளிய வந்ததும் ரிஸ்வானாவுக்குத்தான் போன் போட்டேன். எடுத்திருந்தா அவளையாவது அனுப்பியிருப்பேன். அவ சொல்லிருவா, அவளுக்கு அந்தத் தைரியம் உண்டு. எடுக்கல.

வியாழக்கிழமை அந்த அம்மா ஜாக்கெட்டை மடிச்சு வச்சிட்டு எனக்குப் போன் போடுவாக. எவனாவது எடுத்து ராங் நம்பர்னு வைப்பான். நாம தப்பா எழுதிட்டோம் போலன்னு திரும்பவும் போடுவாக. அன்னைக்கு அந்தக் காயிதத்துக்கும், இப்போ இந்தப் போனுக்கும், ரெண்டு தடவையும் அவுகளுக்குப் பதில் சொல்லாம விட்டது நான்தான் தங்கச்சி. வேற யாருமில்ல, நான்தான்.